வியாழக்கிழமை மாத்திரை

திருவண்ணாமலை
9 ஜூன் 2025

டாக்டர் அம்சவேணி அவர்களுக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் பதிவுத் தபால். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். போன அக்டோபரில் உங்கள் அண்ணன் கைலாசத்தின் மூட்டு வாதத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. ஆகஸ்ட் பதினான்காம் தேதி மருத்துவக் கவுன்சிலில் எனக்கு விசாரணை. வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு நான் நாள் குறிப்பிடவில்லை, அவர் அதைத் தினமும் சாப்பிட்டு இறந்து போனார் என்று அவர் மகன் லோகேஷ் புகார் கொடுத்திருக்கிறான். நான் நாள் குறிப்பிட்டேன். ‘வியாழன் மட்டும் மூன்று’ என்று தமிழிலேயே எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன். கூடக் கொடுத்த ஃபோலிக் ஆசிட்டுக்கு ‘மற்ற ஆறு நாளும் ஒன்று’ என்று எழுதினேன். சீட்டைக் காட்டாவிட்டால் என் பதிவை ரத்து செய்வார்கள். பதிவு போனால் இங்கே கிடைத்திருக்கிற மருந்தியல் ஆசிரியர் வேலையும் போகும். பாடம் எடுப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

நீங்கள் நீங்கள் என்று எழுத வரவில்லை, அம்சா. பதினாறு வருஷம் ஒரே துறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தோம். ‘நாள் எழுதாத சீட்டு சீட்டே இல்லை’ என்று நீ பலகையில் எழுதுவாய், நான் பின்வரிசையில் நின்று அரட்டை அடிக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வேன். உன்னோடு அந்தப் பாடத்தை எடுத்தவள் நாள் எழுதாமல் விடுவேனா?

சொந்த வீட்டுக்கு நான் எழுதக் கூடாது, நீ வந்து எழுது என்று என்னைப் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப் போனது நீ. பதினாறு வருஷத்தில் உன் அண்ணன் வீட்டுப் படியை நான் மிதித்தது அன்றுதான். “டாக்டரம்மா, வெரலு இப்டி வீங்கிக்கினு இருக்குது பாருங்க, தறில நாடாவே புடிக்க முடியல” என்று இரண்டு கையையும் நீட்டினார். நல்ல மனுஷன். காபியை அவர் கையாலேயே கொண்டு வந்து கொடுத்தார்.

சீட்டை அனுப்பி வை.

லில்லி


காஞ்சிபுரம்
21 ஜூன் 2025

லில்லிக்கு,

சீட்டு என்னிடம் இல்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலில் எங்கே போனதோ தெரியாது. நீ அதில் நாள் எழுதினாயா என்பதும் எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை நினைவிருக்கிறது என்று எழுதித் தர மாட்டேன்.

நீயும் ஒன்றுக்குப் பதில் சொல். அண்ணனுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. இந்த மருந்தை ஆரம்பிக்கும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாயா? மாதம் ஒரு முறை வெள்ளணு எண்ணிக்கை பார்க்கச் சொன்னாயா? வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லாத பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவள் நீ. என் அண்ணன் விஷயத்தில் மட்டும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓரிக்கையில் உன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

அவருக்கு அறுபது வயதுகூட முடியவில்லை. கடைசி நான்கு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. நாக்கு உரிந்து போயிருந்தது. அதைப் பார்த்தவள் நான். நீ உன் வேலையைப் பற்றி எழுதுகிறாய்.

எங்கள் வீட்டுப் படியை மிதித்த கதையெல்லாம் இப்போது எதற்கு? சாதியை இதில் இழுக்காதே.

அம்சவேணி


திருவண்ணாமலை
30 ஜூன் 2025

அம்சாவுக்கு,

சிறுநீரகம் பார்க்கவில்லை. ரத்தம் பார்க்கச் சொல்லவில்லை. அது என் குற்றம். சிநேகிதியின் அண்ணன், இரண்டு வாரத்தில் எப்படியும் சென்னைக்கு மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நீ போகவில்லை, நானும் அப்புறம் கேட்கவில்லை. இதைக் கவுன்சிலில் அப்படியே சொல்லப் போகிறேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். செய்யாததற்குத்தான் வாங்க மாட்டேன்.

சாதியை நான் இழுக்கவில்லை. சாவுக்கு மாலையோடு வந்தேன். தெரு முனையிலேயே லோகேஷ் நிறுத்தினான். “உங்காளுங்கள உள்ள வுட்டதுக்குத்தான் எங்கப்பன் போய் சேந்துட்டாரு” என்றான். நீ பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாய். தலையைக் குனிந்துகொண்டாய். மாலையை ஆட்டோவிலேயே திரும்ப எடுத்துப் போனேன்.

அந்தப் புகாரின் ஆங்கிலமும் லோகேஷுடையது இல்லை. குற்றங்களுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பாடநூல் பக்கத்தைக் குறிப்பிடுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் துறையில் டீ குடித்துக்கொண்டே நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “அண்ணனுக்கு வாயெல்லாம் புண்ணு, சூடுதான், மோர் குடிக்க சொல்லிக்கிறேன்.” நான் தலையை ஆட்டிவிட்டு விடைத்தாளைத் திருப்பினேன். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவனுக்கு வாய்ப்புண் வந்தால் முதலில் என்ன செய்வாய் என்று அந்த வாரம்தான் இரண்டாம் வருஷத்துக்குக் கேள்வி வைத்திருந்தோம். இரண்டு மருந்தியல் பேராசிரியைகள், ஒரு டீக்கடைக்காரருக்குத் தோன்றுகிற வைத்தியத்தைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனோம். நினைத்தால் எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

இப்போது என் கேள்வி. வார்டில் டாக்டர் “என்ன மாத்திரை, அட்டையக் கொண்டாங்க” என்று கேட்டார். லோகேஷ் அட்டை கொண்டு வரவில்லை. ஒரு பெருங்காய டப்பாவும் ஒரு விபூதிச் சம்புடமும் கொண்டு வந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் திறப்பதற்குள் நீ வாங்கி உன் பையில் போட்டுக்கொண்டாய். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டது யார்?

லில்லி


காஞ்சிபுரம்
13 ஜூலை 2025

லில்லி,

போலீஸ்காரி மாதிரி கேட்காதே. ஒளிக்க ஒன்றுமில்லை.

அண்ணனால் அட்டையைப் பிதுக்க முடியவில்லை. விரல் மடங்கினால்தானே பிதுக்க? ஒரு மாத்திரையை எடுக்கப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கோ படிக்கத் தெரியாது, அட்டைக்கு அட்டை வித்தியாசமும் தெரியாது. அதனால் அமாவாசைக்கு அமாவாசை நான் போவேன். அன்று தறி ஓடாது, இரண்டு பேரும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு மாதத்துக்கானதைப் பிரித்து வைத்துவிட்டுப் போவேன். பெருங்காய டப்பாவில் இருப்பது தினமும் ஒன்று. விபூதிச் சம்புடத்தில் இருப்பது வியாழக்கிழமை மூன்று, அன்றைக்கு டப்பாவைத் தொடக் கூடாது. அண்ணனுக்கு வியாழன் விரதம், அதனால் மறக்காது.

அண்ணிதான் எங்கேயோ மாற்றி வைத்திருக்க வேண்டும். துடைக்கும்போது கொட்டி அள்ளியிருக்கலாம். கேட்டால் “எனக்கு ஒண்ணும் நெனப்பில்லமா, நாந்தான் பாவின்னா நாந்தான்” என்று அழுகிறார். வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எடுத்துக் கொடுத்த கையும் குற்றம்தான் என்று லோகேஷ் அம்மாவோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை.

அவருக்கு ரத்தக் கொதிப்பு. பிப்ரவரியிலிருந்து ஒரு மாத்திரையையும் தன் கையால் தொட மாட்டேன் என்கிறார். “எங்கையால எடுத்தா அது வெசமாயிடும்” என்பார். ஏப்ரலில் நூற்றுத் தொண்ணூறு இருந்தது. இப்போது தினமும் காலையில் நான் போய், அட்டையிலிருந்து எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தால் வாயில் போட்டுக்கொள்கிறார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்குவார்.

இதெல்லாம் வெளியே போனால் அந்த அம்மாளைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். உனக்கு அது சம்மதமா?

அம்சா


திருவண்ணாமலை
19 ஜூலை 2025

அம்சா,

பெருங்காய டப்பா தகரம், சதுரம், உள்ளங்கை அகலம். விபூதிச் சம்புடம் பித்தளை, எலுமிச்சம்பழம் அளவு. ஒன்றின் மூடி இன்னொன்றில் ஏறாது. முப்பது வருஷம் அந்த அடுப்படியில் புழங்குகிற பெண் அவற்றை மாற்ற மாட்டாள். கொட்டி அள்ளியிருந்தால் இரண்டும் கலந்திருக்கும். கலந்திருந்தால் நீ வார்டு வாசலில் அப்படிப் பாய்ந்து வாங்கியிருக்க மாட்டாய்.

நம் செய்முறைத் தேர்வை நினைத்துப் பார். இரண்டு கண்ணாடித் தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. ஒன்றில் நடுவே கோடு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எது மெத்தோட்ரெக்ஸேட், எது ஃபோலிக் ஆசிட்? அந்தப் பொறியை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வைத்தோம். நூற்றைம்பது பேரில் நூற்றுப் பத்துப் பேர் மாற்றி எழுதினார்கள். “இதுங்கல்லாம் டாக்டரானா ஊரு இன்னாத்துக்கு ஆவும்?” என்று சிரித்துக்கொண்டே நீ பூஜ்யம் போட்டாய்.

மேலே நான் ஒன்றும் எழுதவில்லை. உன் அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறார் என்கிறாய். நீ எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?

லில்லி


திருவண்ணாமலை
18 ஆகஸ்ட் 2025

அம்சா,

தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு வருஷம் பதிவு நீக்கம். உனக்கு லோகேஷ் சொல்லியிருப்பான். இனிப்புக்கூடக் கொடுத்திருப்பான்.

நீ சாட்சிக்கு வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “சீட்டில் கிழமை எழுதியிருந்ததாக எனக்கு நினைவில்லை” என்று நிதானமாகச் சொன்னாய். பாடம் எடுக்கிற அதே குரல். ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் பதினாறு வருஷம் பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள்.

டப்பாவைப் பற்றியும் சம்புடத்தைப் பற்றியும் நான் அங்கே வாய் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே. நான் சொல்லியிருந்தால் அடுத்த தேதிக்குக் கமலாட்சி அண்ணியைக் கூப்பிடுவார்கள். அவரும் வந்து, நாந்தான் பாவி என்று சொல்லியிருப்பார். நீ பக்கத்தில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

இங்கே கல்லூரியில் இன்று சாவியைக் கொடுத்துவிட்டேன். கடைசி வகுப்பு மருந்துப் பிழைகள். நடந்ததைப் பெயர் சொல்லாமல் பிள்ளைகளிடம் சொன்னேன். ரத்தம் பார்க்காமல் எழுதிய டாக்டர் நான்தான் என்று சொன்னேன். முன் வரிசையில் ஒருத்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள். முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. நானே முதலில் வெளியே வந்தேன்.

இனி எழுத மாட்டேன்.

லில்லி


காஞ்சிபுரம்
5 செப்டம்பர் 2025

லில்லி,

இன்று ஆசிரியர் தினம். காலையில் பிள்ளைகள் ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள். அதில்தான் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இரண்டாம் வருஷ வகுப்பு. வாத மருந்துகள். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், இன்று தப்பிக்க முடியவில்லை. இரண்டு மாத்திரையும் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்தன. சுகாசினி என்று ஒரு பெண், எப்போதும் ஏதாவது கேட்பாள். எழுந்து, “மேம், ரெண்டும் மஞ்சளா இருக்குது, பேஷன்ட் வீட்ல எப்டி மேம் கண்டுபுடிப்பாங்க?” என்றாள். “அட்டையிலிருந்து எடுக்காமல் இருந்தால் போதும்” என்றேன். நூற்றைம்பது பேரும் குனிந்து எழுதினார்கள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தை அமாவாசை, ஜனவரி இருபத்தொன்பது. மூன்று அமாவாசை சரியாகத்தான் போட்டேன். அதுவரை இது பன்னிரண்டு, அது இருபத்தாறு என்று எண்ணி வாங்குவேன். குவியலைப் பார்த்தாலே எது எது என்று தெரியும். அந்தத் தடவை அடிக்கடி கடைக்குப் போக வேண்டாமே என்று இரண்டையும் முப்பது முப்பதாக வாங்கிவிட்டேன். தரையில் பேப்பர் விரித்து, எல்லாவற்றையும் பிதுக்கி, இரண்டு குவியல் வைத்தேன். அட்டைகளைக் குப்பையில் போட்டேன். அப்போது துறையிலிருந்து போன். பிள்ளைகளின் செய்முறைக் குறிப்பேடுகள் இருபது காணவில்லை என்று. எழுந்து கூடத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் கத்தினேன். திரும்பி வந்து கோபத்தோடு அள்ளிப் போட்டேன். கோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான்தானே போடுகிறேன் என்ற நினைப்பு.

மருத்துவமனைக் கழிப்பறையில் இரண்டையும் திறந்து பார்த்தேன். பெருங்காய டப்பாவில் பதினைந்து இருந்தன. சம்புடத்தில் இருபத்தொன்று. கோடு எதில் இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் ஒன்றாக, பதினைந்து நாள் கொடுக்க வைத்தது நான். இரண்டையும் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நடந்தது. லோகேஷ் உன் பெயரைச் சொன்னான், நான் மறுக்கவில்லை. அண்ணி தன் பெயரைச் சொன்னார், அதையும் மறுக்கவில்லை. உனக்கு எழுதிய கடிதங்களைத் தவிர்த்தால், நான் பொய்யாக எழுதியது அந்தப் புகார் ஒன்றுதான். சொன்னது அந்தச் சாட்சி ஒன்றுதான். இரண்டு போதாதா என்று நீ கேட்பாய்.

சீட்டு என்னிடம்தான் இருந்தது. பாடநூலில் அந்த அத்தியாயத்துக்குள் வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். இரண்டு சிவப்புக் கோடும் இருக்கின்றன. கவுன்சிலுக்குக் காட்டு, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. எனக்கு இதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் கேட்கிறேன்.

அம்சா


திருவண்ணாமலை
11 செப்டம்பர் 2025

அம்சா,

சீட்டை வைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இது எனக்கு வர வேண்டிய கடிதம் இல்லை.

எனக்கு உண்மை ஜூலையிலேயே தெரியும். நீ எழுதியதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, குறிப்பேடு காணாமல் போனதைத் தவிர. இது தெரியாமல் ஏழு மாதமாகத் தன் கையையே விஷம் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர் ஒருத்தர் உன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் நீ அவரைப் பார்க்கிறாய். என்னிடம் சொன்னால் நான் கோபப்படுவேன், திட்டுவேன், அப்புறம் ஒரு நாள் ஓய்ந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு எழுதினாய். சுலபமான ஆளைப் பார்த்து அழுதிருக்கிறாய்.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் தபாலில் போட்டுவிட்டு நீ வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. அவர் எதிரில் உட்கார்ந்து, உன் வாயால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டு. மன்னிப்பை அங்கே கேள். கிடைக்கிறதா பார்.

நான் மன்னிக்கவில்லை.

லில்லி


காஞ்சிபுரம்
22 செப்டம்பர் 2025

லில்லி,

கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். சீட்டில் நாள் இருந்தது, மாத்திரையை மாற்றிப் போட்டது நான், சாட்சி பொய் என்று. நகல் உள்ளே இருக்கிறது. கல்லூரிக்கும் ஒன்று கொடுத்தேன். நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று அமாவாசை. காலையில் போனேன். லோகேஷையும் உட்காரச் சொன்னேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். கூடத்துக்குப் போய்க் கத்தினேன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். குடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தேன். பதினைந்து, இருபத்தொன்று என்றபோது லோகேஷ் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அண்ணி கடைசி வரை கேட்டார். அழவில்லை. “அப்பிடியா” என்று ஒரு முறை சொன்னார். கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரமாகிறதே என்று, வழக்கம்போல அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குக் கையை நீட்டினேன். அவர் என் கையை ஒதுக்கிவிட்டு, அட்டையைத் தானே எடுத்தார். கட்டைவிரலால் ஒன்றைப் பிதுக்கி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அட்டையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

“நாளைலருந்து நீ வராதமா” என்றார்.

அம்சவேணி